இடிச்சிறகனின் மடி

மிளகு பறிக்க மரம் ஏறுகிறவன் திடீரென்று ஆகாயத்தில் பறந்தால் ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள். சென்றாயன் விஷயத்தில் பேசியது என்னவோ ஒருத்தன்தான். ஆனால் அந்த ஒருத்தனே ஊருக்குப் போதும். அவன் பேர் ராசப்பன். சென்றாயனுடைய சித்தப்பா மகன், பங்காளி. பங்காளியைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? நமக்குக் காய்ச்சல் வந்தால் எட்டிப் பார்க்க மாட்டான், புதுச் சட்டை போட்டால் மட்டும் எங்கே எடுத்தாய் என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்பான்.

அவனிடம் பிறகு வருவோம். முதலில் பறந்த கதை.

மலைமேல் பெரக்கரை நாடு என்கிற பகுதியில் இருக்கிற அந்த ஊருக்கு ஒரு சினிமாக் கம்பெனி வந்து இறங்கியது. ஏதோ ஒரு படக்கதைப் புத்தகத்தைப் படமாக எடுக்கிறார்களாம். அதில் வில்லன் பேர் இடிச்சிறகன். இரும்பு உடுப்புக்குள் புகுந்துகொண்டு, முதுகில் இருக்கிற இன்ஜினை முடுக்கிவிட்டால் ஜிவ்வென்று மேலே போய்விடுவான். ஊர் ஊராகப் பறந்து கரண்டைத் திருடிக்கொண்டு போவதுதான் அவன் வேலை. உதவி டைரக்டர் ராதிகா டீக்கடையில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொன்னபோது, கேட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நம்மூருக்கு வந்து என்னத்தைங்க திருடுவான்?" என்றார் ஊர்க்கவுண்டர் சின்னையன். "நாலு தூறல் போட்டாலே இங்க கரண்டு போயிருதுங்களே. பாவம், வெறுங்கையோடதான் திரும்போணும்."

வில்லனாக நடிக்கச் சென்னையிலிருந்து வந்தவர் நல்ல வாட்டசாட்டமான ஆள். ஆனால் மலை ஏறுகிற ரோட்டில் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்று முடிந்தால் ஒன்று வந்துகொண்டே இருக்குமே, அது அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்தச் சொல்லி, தின்றதையெல்லாம் காட்டுக்குத் தானம் செய்துகொண்டே வந்தார். மேலே வந்து சேர்ந்தபோது அவரில் பாதிதான் மிச்சம். அந்தப் பாதியையும் உடுப்புக்குள் திணித்து, கிரேன் கயிற்றில் மாட்டி, ஒரு ஆள் உயரத்துக்குத் தூக்குவதற்குள் "அம்மா!" என்று கத்திவிட்டார். உலகமே பார்த்து நடுங்குகிற வில்லன் அம்மாவைக் கூப்பிட்டால் படம் எப்படி ஓடும்? முகம் தெரிகிற காட்சியைத் தரையில் வைத்து எடுத்துக்கொள்ளலாம், பறப்பதற்கு வேறு ஆளைப் பிடியுங்கள் என்று டைரக்டர் சொல்லிவிட்டார்.

ராதிகா ஆள் தேடி வந்த நேரம் சென்றாயன் சில்வர் ஓக் மரத்து உச்சியில், ஒற்றை மூங்கில் ஏணியில் ஒரு காலும் கிளையில் ஒரு காலுமாக நின்று மிளகு உருவிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, உயரம்னா உங்களுக்கு பயமே இல்லையா?" என்று கீழேயிருந்து கத்தினாள் ராதிகா.

"கீழ எறங்குனாத்தாங்க பயம்," என்றான் சென்றாயன். "மேல பங்காளி எவனும் இல்லீங்களே."

அவ்வளவுதான், ஆள் முடிவாகிவிட்டது.

உடுப்பு என்றால் லேசுப்பட்ட உடுப்பு இல்லை. ஃபைபரில் செய்த கருநீலச் சிறகு இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு கட்டில் நீளம். நெஞ்சில் சிவப்பு விளக்கு. தொடைக்கும் முழங்காலுக்கும் தகடு. முதுகில் ஒரு பெரிய ஃபேன், அதன் கீழே புகை கக்குகிற இயந்திரம். தலைக்குக் கழுகு மூக்கு வைத்த ஹெல்மெட். தூக்குவது என்னவோ கிரேன்தான். திருச்செங்கோட்டிலிருந்து அதை மலைமேல் ஏற்றிக்கொண்டு வந்த டிரைவர் அர்த்தனாரி, பேசினால் காசு செலவாகிவிடும் என்பதுபோல வாயையே திறக்காத மனுஷன். ஆனால் லீவரைத் தொட்டால் போதும், பூவை எடுத்துச் சாமி தலையில் வைக்கிற பதத்தில் ஆளை நகர்த்துவான்.

ஒத்துக்கொள்ள வேண்டியதுதான், சென்றாயனுக்கு அது ரொம்பவே பிடித்துப்போனது. ஃபேன் சுற்றி, புகை கிளம்பி, கையை நீட்டிக்கொண்டு பலாமரங்களுக்கு மேலே மிதக்கும்போது கயிறு என்று ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துவிடும். மரம் ஏறுகிறவனை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்? விழுந்தால்தான் பார்ப்பார்கள். இப்போது கிழங்குக் காட்டில் களை எடுக்கிற பெண்கள்கூடக் களைக்கொத்தைப் போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்கள். ஊர்க்கவுண்டரே கூட்டத்தில் ஒருத்தராக நின்று, "அய்யோ, வாரான், வாரான்!" என்று கத்தி நடித்தார். ஒருமுறை கத்தினால் போதும் என்று சொல்லியும், திருப்தி இல்லாமல் கேமரா அணைந்த பிறகும் இரண்டு முறை கத்திப் பார்த்துக்கொண்டார்.

இந்தச் சமயத்தில்தான் தங்கச்சி பூங்குழலி, மகளுக்குக் காது குத்த ஊருக்கு வந்து சேர்ந்தாள்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சென்றாயனுக்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரு தங்கச்சிதான். அப்பனும் ஆத்தாளும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, அவளுக்குத் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியது அவன். கோணல் பின்னல்தான், ஆனால் பின்னினான். மணிவண்ணனுக்குக் கட்டிக் கொடுத்தான். மணிவண்ணன் கீழே முள்ளுக்குறிச்சியில் குடியிருந்து கட்டடத்துக்கு சென்ட்ரிங் வேலை பார்க்கிறவன். கல்யாணமாகி வருஷக்கணக்கில் குழந்தை இல்லை. போகாத கோயில் இல்லை, குடிக்காத கசாயம் இல்லை. கடைசியில் பூங்குழலி ஊர் மாரியம்மன் வாசலில் நின்று, "எனக்கு ஒண்ணக் குடு தாயே. உன்ற வாசல்லயே, எங்கண்ணன் மடியில உக்கார வெச்சுக் காது குத்தறேன்," என்று வேண்டிக்கொண்டாள். அம்மன் கொடுத்தாள். யாழினி பிறந்தாள். மூன்று வயது ஆகிவிட்டது. தாய்மாமன் மடிக்காகத்தான் இத்தனை நாள் அந்தக் காது காத்திருந்தது.

வந்த அன்றே மாமன் பறப்பதை யாழினி பார்த்தாள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அலறிக்கொண்டு ஆத்தாளின் சேலைக்குள் ஒளிய, இவள் மட்டும் கையைத் தட்டிக்கொண்டு குதித்தாள். "பறக்கற மாமா! பறக்கற மாமா!" கீழே இறங்கியதும் ஓடிவந்து தகட்டுக் காலைக் கட்டிக்கொண்டாள். சென்றாயனுக்கு அப்போது தரையில் கால் பாவவில்லை. கிரேன் இல்லாமலேதான் சொல்கிறேன்.

மறுநாள்தான் கதாநாயகியின் காட்சி. இடிச்சிறகன் பறந்து வர, ஜனங்கள் சிதறி ஓட, டீச்சராக நடிக்கிற பெண் மட்டும் ஓடாமல் நின்று, காலில் கிடக்கிற செருப்பைக் கழற்றி அவன்மேல் எறிய வேண்டும். "சும்மா பக்கவாட்டில் எறிஞ்சா போதும்மா, படுற மாதிரி அப்புறம் கம்ப்யூட்டர்ல பாத்துக்கலாம்," என்றார் டைரக்டர். அந்தப் பொண்ணு காலேஜில் கிரிக்கெட் ஆடினவள் என்பது யாருக்குத் தெரியும்? கழற்றினாள், ஓரடி பின்னால் வைத்தாள், விட்டாள். செருப்பு சுழன்றுகொண்டே மேலே போய் ஹெல்மெட்டின் மூக்கில் டொப்பென்று அடித்தது.

"சூப்பர்!" என்று டைரக்டர் நாற்காலியை விட்டுத் துள்ளினார். ஊரே கை தட்டியது. விசில் பறந்தது. ஹெல்மெட்டுக்குள் சென்றாயனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

கை தட்டாமல் நின்றது ராசப்பன் ஒருத்தன். ஒரு வாரமாக வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவனுக்கு அவல் கிடைத்துவிட்டது.

"நல்லாத் தட்டுங்க கையை," என்றான். "ஊருக்கு நடுவுல ஒருத்தன் செருப்படி பட்டிருக்கறான். கட்டு எல்லாருக்கும் மறந்து போச்சுங்களா?"

தட்டின கைகள் அப்படியே நின்றன.

அந்த ஊரில் அப்படியொரு பழைய கட்டு உண்டு. சண்டையில் வாயால் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள், செருப்பை மட்டும் தூக்காதே என்று மிரட்டி வைக்க எந்தக் காலத்திலோ எவரோ போட்டது. ஊர் பார்க்கச் செருப்படி பட்டவன், அது கழிகிறவரைக்கும் பந்தியில் உட்காரக் கூடாது. கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. நல்ல காரியத்தில் கை வைக்கக் கூடாது. கழிப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. அடித்தவர் ஊர் முன்னால் வந்து, வெற்றிலை பாக்கை இரண்டு கையாலும் கொடுத்து, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். பட்டவன் வாங்கிக்கொள்ள வேண்டும். தலையில் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர். முடிந்தது.

அடித்தவள் வரவேண்டும், அதுதான் விஷயம். அடித்தவளோ அந்தக் காட்சி முடிந்த கையோடு காரில் ஏறி, ஐதராபாத்துக்கு விமானம் பிடிக்கக் கீழே இறங்கிவிட்டாள். காது குத்து நாளை மறுநாள்.

சாயங்காலம் கோயிலுக்கு எதிரே இருக்கிற பாறையில் ஊர் கூடியது. சென்றாயன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். ஹெல்மெட்டையும் சாட்சிக்குக் கொண்டுவந்திருந்தான்.

"ஏனுங்க கவுண்டரே, அடிபட்டது நானில்லீங்க. இடிச்சிறகன். கதைப்படி அந்தப் புள்ள அவனைத்தான் அடிச்சுது. என்னைய அதுக்குத் தெரியவே தெரியாதுங்க."

சின்னையக் கவுண்டர் வெற்றிலையைக் கன்னத்துக்கு ஒதுக்கினார். அவர் எதையும் அவசரப்பட்டுச் சொல்கிறவர் இல்லை. "அடி எங்கப்பா பட்டுது?"

"இந்தா, இந்த மூக்குலீங்க."

"மூக்கு எதுல இருந்துது?"

"தொப்பியிலீங்க."

"தொப்பி எதுல இருந்துது?"

"தலையிலீங்க."

"தலை யாருது?"

சென்றாயன் தன் தலையைத் தடவிப் பார்த்தான். "என்னுதுதானுங்க," என்றான் கடைசியில்.

"அப்பறமென்ன," என்றான் ராசப்பன் பின்னாலிருந்து.

ராதிகாவுக்குப் பாவமாகிவிட்டது. நடிகையைப் போனில் பிடித்து மன்னிப்புக் கேட்க வைக்கிறேன் என்றாள். அந்த ஊரில் தண்ணீர் டேங்க் மேலே ஏறினால்தான் டவர் கிடைக்கும். ஊர் மொத்தமும் டேங்குக்குக் கீழே போய் அண்ணாந்து நிற்க, ராதிகா ஏணியில் தொத்திக்கொண்டு வீடியோ கால் போட்டு, போனைக் கீழே திருப்பிக் காட்டினாள். நடிகை நல்ல பொண்ணு, மறுபேச்சுப் பேசவில்லை. "ஐயோ, சாரி அங்கிள்! ரியலி சாரி!" என்றாள். வெற்றிலை பாக்கு கொடுக்க வேண்டுமாம் என்றதும் ஏர்போர்ட்டில் கிடைத்த ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தை இரண்டு கையாலும் பணிவாக நீட்டினாள். நீட்டின நிலையிலேயே, பாதி திறந்த வாயோடு, படம் உறைந்து நின்றுவிட்டது.

கவுண்டர் கண்ணைச் சுருக்கி அதை வெகுநேரம் பார்த்தார். "தங்கமான புள்ளதான்," என்றார். "ஆனாலும் வெத்தலை கை மாறோணும் சாமி. போன்ல இருந்து எப்படி எடுக்கறது? கட்டை நான் போடலை. ஒருத்தனுக்கு நான் தளர்த்துனா நாளைக்கு இன்னொருத்தன் செருப்பைத் தூக்குவான்."

வீட்டுக்கு வந்ததும் பூங்குழலி பிடித்துக்கொண்டாள்.

"உனக்குப் பறக்கோணும்னு இப்பத்தான் தோணுச்சா? முப்பத்தஞ்சு வருசமா நடந்துக்கிட்டுத்தான இருந்தே? இன்னம் மூணு நாள் நடந்தா காலு தேஞ்சா போயிரும்?"

"இப்பிடி ஆகுமின்னு எனக்குத் தெரியுமா கண்ணு?"

"வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டுக் குத்துது கொடையுதுங்கறே!" என்றவள் அழுதுவிட்டாள். "ஒம் மடின்னு சொல்லி வேண்டுனேன் அண்ணா. வேற மடியில வெச்சா அம்மனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

தள்ளிவைக்கலாம் என்றால் முடியாது. மணிவண்ணனின் சொந்தம் முள்ளுக்குறிச்சியிலிருந்து வேன் பிடித்து வந்தாயிற்று. ஆடு கட்டியாயிற்று. ஆசாரிக்குச் சொல்லியாயிற்று. அடுத்து நல்ல நாள் தை மாதம்தான் என்று பூசாரி கையை விரித்துவிட்டார். அந்தச் சமயம் பார்த்து ராசப்பன் படியேறி வந்தான். முகத்தில் அவ்வளவு துக்கம், பார்க்கிறவர்களுக்கு இழவு வீடோ என்று தோன்றும்.

"எதுக்கு அழுவறே பூங்குழலி? நான் எதுக்கு இருக்கறேன்? நானும் மாமன் மொறைதான். என்ற மடியும் மடிதான்."

வேறு வழி இல்லை. சரி என்றாள். சென்றாயன் எழுந்துகொண்டான். பின்பக்கம் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான். மாடு குடித்து முடித்த பிறகும் வெறும் குண்டாவைப் பிடித்துக்கொண்டே நின்றான். அடி பட்டதோ, ஊர் தள்ளி நிறுத்தியதோகூட அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. காது குத்தும்போது குழந்தை வலியில் திமிறுமே, அப்போது அது இறுக்கிப் பிடிக்கப்போவது ராசப்பனின் சட்டையையா? அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

காது குத்து அன்று காலையில் ராதிகா தயங்கித் தயங்கி வந்து நின்றாள். கோயில் வாசலில் தோரணமும் மேளமும் கூட்டமும் பார்த்துவிட்டு டைரக்டருக்கு ஆசை வந்துவிட்டதாம். திருவிழாவுக்கு மேலே இடிச்சிறகன் மிதக்கிற மாதிரி ஒரே ஒரு ஷாட். "உங்க நிலைமை எனக்குத் தெரியும்ணா. முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் பேசிக்கறேன்."

முடியாது என்று சொல்லத்தான் சென்றாயன் வாயெடுத்தான். அப்புறம் வேறொன்று தோன்றியது. கோயில் வாசலை மிதிக்கக் கூடாது என்றுதானே கட்டு? மேலே தொங்கக் கூடாது என்று எவனும் சொல்லவில்லையே. கீழே நின்றால் கூட்டத்துக்குப் பின்னால் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும், ஒன்றும் தெரியாது. மேலே போனால் எல்லாம் தெரியும்.

நேராகக் கவுண்டரிடம் போய்க் கேட்டான். கவுண்டர் வானத்தைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார், பிறகு திரும்பவும் வானத்தைப் பார்த்தார்.

"ஆகாயம் ஊர்க்கட்டுல வராதப்பா," என்றார். "போ."

அப்படித்தான் அன்றைக்கு நல்ல நேரத்தில், தாய்மாமன் சென்றாயன் மருமகளின் காதுகுத்துக்கு மேலே, சிறகை விரித்து, நெஞ்சில் சிவப்பு விளக்கு எரிய, வேலிக்கு அப்பால் நின்ற கிரேனிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தான். ஃபேனை முடுக்க வேண்டாம், மேளச் சத்தம் கெடும் என்று அவனே சொல்லிவிட்டான்.

மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் சின்னதாகத் தெரிந்தது. கோரைப்பாய். சீர்த்தட்டுகள், அதில் ஒன்று அவன் வாங்கிக் கொடுத்த கம்மல். பாய் நடுவில் ராசப்பன், மடிப்புக் கலையாத பட்டுவேட்டி, நெற்றி நிறையச் சந்தனம். தன் கல்யாணத்துக்குக்கூட அவன் அவ்வளவு நேராக உட்கார்ந்ததில்லை. பூங்குழலி யாழினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பட்டுப் பாவாடை கட்டி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, குழந்தை பொம்மையாக இருந்தது. கையில் மட்டும் தன் செருப்பை வைத்திருந்தாள். நடந்தால் கீச் கீச்சென்று கத்துமே, அந்தச் செருப்பு. வாசலில் செருப்புக் காலோடு வரக் கூடாது கண்ணு என்று கழற்றச் சொன்னதற்கு, காலில்தானே போடக் கூடாது என்று கையில் எடுத்துக்கொண்டவள், யார் கேட்டும் கொடுக்கவில்லை.

பூங்குழலி குழந்தையை ராசப்பன் மடியில் இறக்கினாள். இறக்கியவள் ஒரு கணம் அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பார்வையைச் சென்றாயன் ஹெல்மெட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான். கொட்டுச் சத்தம் வேகமெடுத்தது. ஆசாரி தங்கக் கம்பியைச் சந்தனத்தில் தொட்டெடுத்தார்.

அம்மா எங்கே பார்த்தாள் என்று யாழினியும் நிமிர்ந்து பார்த்தாள்.

"பறக்கற மாமா!"

குழந்தை மடியிலிருந்து துள்ளி எழுந்தது. ராசப்பன் இடுப்பைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். அது மறுபடி எழுந்தது. அவன் மறுபடி இழுத்தான். ஊரே பார்க்கிறது, நல்ல நேரம் போகிறது, ராசப்பனுக்கு வியர்த்துவிட்டது. அவசரத்தில் வாயை விட்டான்.

"அவன் மாமன் இல்ல கண்ணு, பூச்சாண்டி! பாக்காத, உன்னையப் புடிச்சுக்கிட்டுப் போயிருவான்!"

யாழினி திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கையிலிருந்ததை ஓங்கி, அவன் கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

கீச்!

அடுத்த கன்னத்திலும் வைத்தாள். கீச்!

கொட்டு நின்றது. நாயனம் பாதியில் நின்றது. ஆசாரி கம்பியோடு அப்படியே இருந்தார். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், மெதுவாகத்தான், "அட, ராசப்பனும் பட்டுட்டான்," என்றது.

சின்னையக் கவுண்டர் தொண்டையைச் செருமினார். "ராசப்பா, எந்திரி."

"எதுக்குங்க?"

"ஊரு பாக்கப் பட்டிருக்கறே. வாசலை விட்டு வெளியே போ."

ராசப்பனுக்கு முகம் வெளுத்தது. மாமன் விருந்து போகும், பந்தி போகும், கறிச்சோறு போகும், அதற்கு மேல் மானமும் போகும். "கவுண்டரே! மூணு வயசுக் கொழந்தைங்க இது! வெளையாட்டுக்கு அடிச்சுதுங்க!"

"வெளையாட்டுன்னா கணக்குல வராதா?"

"எப்படிங்க வரும்? கோவமா, பகையா? வெளையாட்டுக்குப் படறதெல்லாம் ஒரு அடிங்களா?"

"சத்தமாச் சொல்லப்பா. பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கலை."

மொய் எழுதுகிறவன் அறிவிப்புக்கு வைத்திருந்த மைக், பக்கத்திலேயே கிடந்தது. தன் நியாயம் ஊருக்கே கேட்கட்டும் என்று ராசப்பன் அதை எட்டிப் பிடித்தான். "வெளையாட்டுக்குப் பட்டது செருப்படியே இல்லீங்க!" என்று அவன் போட்ட சத்தம் குழாயில் ஏறி, எதிர்மலையில் முட்டி, திரும்ப வந்து அவன் காதிலேயே விழுந்தது.

விழுந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. தவளை தன் வாயால் கெட்டது. மெதுவாகத் தலையைத் தூக்கி மேலே பார்த்தான். ஊர்க்கவுண்டரும் பார்த்தார். ஊரும் பார்த்தது.

"நாயந்தான்," என்றார் கவுண்டர். "ரண்டு பேருக்கும் ஒரே நாயம். பட்டது அடியில்லைன்னா நீயும் சுத்தம், அவனும் சுத்தம். ரண்டு பேரும் சுத்தம்னா, கூடப் பொறந்தவன் இருக்கறப்ப பங்காளிக்கு மடியில்ல. தள்ளி உக்காரு." பிறகு வாயில் கையைக் குவித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கத்தினார். "அடேய் சென்றாயா! எறங்குடா!"

தன்னிடம் யாரும் வந்து சொல்வதற்கு முன்பே அர்த்தனாரி லீவரைத் தொட்டுவிட்டான். கிரேனின் கை வேலியைத் தாண்டி, மாவிலைத் தோரணத்தைத் தாண்டி வந்தது. பதற்றத்தில் சென்றாயனின் விரல் எங்கேயோ அழுத்த, இவ்வளவு நேரம் சும்மா இருந்த ஃபேன் கிர்ரென்று கிளம்பியது. அட்சதை பறந்தது. மொய்க்காரனின் பேப்பர் பறந்தது. ராசப்பனின் பட்டுவேட்டி இடுப்புக்கு மேலே எழும்ப, அவன் இரண்டு கையாலும் அதைப் பிடித்து அமுக்கிக்கொண்டு ஓடினான். ஃபேன் நிற்பதற்குள் இடிச்சிறகன் பாய்க்கு நடுவில் உட்கார்ந்தாயிற்று.

"நேரம் முடியப்போகுதுங்க," என்றார் பூசாரி.

வார்களைக் கழற்ற ராதிகாதான் வரவேண்டும். அவள் கேமராப் பக்கத்திலிருந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்துகொண்டிருந்தாள். அதற்கெல்லாம் நேரமில்லை. சென்றாயன் ஹெல்மெட்டை மட்டும் கழற்றிப் பாயில் வைத்தான். தொடையில் தகடு. பூங்குழலி குனிந்து தன் முந்தானையை நாலாக மடித்து அதன்மேல் விரித்தாள். 

"ஒக்காருங்க சாமி," என்று மகளிடம் சொன்னாள். "ஒங்க மாமன் மடி."

யாழினி செருப்பைத் தூரப் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தாள். ஆசாரி ஒரு சிறகுக்கு அடியில் குனிந்து வந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, காது மடலைப் பிடித்தார். சென்றாயன் குழந்தையை இரண்டு கையாலும் வளைத்துக்கொண்டான். நெஞ்சு விளக்கின் சிவப்பு அதன் கன்னத்தில் விழுந்தது. கம்பி இறங்கியது. குழந்தை ஒரு மூச்சை உள்ளே இழுத்து, அவன் கட்டைவிரலை முழுப் பலத்தோடு பிடித்தது. உதடு பிதுங்கியது. ஆனால் அழவில்லை.

அழுதது சென்றாயன். முதலில் ஒரு சொட்டு, அப்புறம் மூக்கு உறிஞ்சல், அடுத்த காதில் கம்பி இறங்கும்போது தோள் குலுங்க, சிறகு இரண்டும் கடகடவென்று ஆடின. இரண்டு நாளாக அடக்கி வைத்தது மட்டும் இல்லை. தங்கச்சி கோயில் கோயிலாகச் சுற்றிய வருஷமெல்லாம் அவன் ஒருநாளும் அவள் முன்னால் கண் கலங்கினவன் இல்லை. அண்ணன்காரன் அழுதால் அவள் உடைந்துபோவாள் என்று இருந்தவன். இப்போது ஊர் நடுவில், வில்லன் உடுப்பில், மொத்தமாக அழுது தீர்த்தான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பூங்குழலி சிரித்துக்கொண்டே அழுதாள். கவுண்டர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தூசி, தூசி என்றார்.

யாழினி எல்லோர் முகத்தையும் சுற்றிப் பார்த்தாள். தன் மாமனைப் பார்த்து இத்தனை பேர் சிரிப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. மடியிலிருந்து இறங்கி, பாயில் கிடந்த கழுகு மூக்கு ஹெல்மெட்டை இரண்டு கையாலும் முக்கித் தூக்கி, அவன் தலையில் கவிழ்த்து, கழுத்துவரைக்கும் இழுத்துவிட்டாள்.

"உள்ள அழுதுக்க மாமா," என்றாள் காதோரம். "யாருக்கும் தெரியாது."

அந்தச் சொல் போதுமாக இருந்தது. இடிச்சிறகன் அவளை அள்ளி மடியில் வைத்துக்கொண்டு, ஹெல்மெட்டுக்குள்ளே, ஊர் முழுக்கக் கேட்கும்படி, ஓவென்று அழுதான்.